தெருவைப் பார்த்த நாற்காலி

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டார். நீங்களே நேரில் போய்க் கேட்டால் பெயர், ஊர், எத்தனை வருஷம் குடித்தார், குடித்துவிட்டு எங்கே விழுந்து கிடந்தார் என்பதையெல்லாம் கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். தன்னைப் பற்றி எதையும் ஒளிக்கத் தெரியாது அவருக்கு. அடுத்தவரைப் பற்றி மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இத்தனை முழுசாக இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது எப்பேர்ப்பட்ட குணம் என்பது என் மண்டையில் ஏறுவதற்குள் அவருக்கு ஒரு நடவு பறிபோய்விட்டது.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். அவர் பக்கத்து ஊர்ப் பெண்; எங்கள் வயல்களுக்கு நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவர். ஒரு குரல் கொடுத்தால் இருபது பெண்கள் வந்துவிடுவார்கள். அவருக்கு என் வயசுதான் இருக்கும். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அண்ணனோடு பொதுவில் மூன்று ஏக்கர் நிலம். நடவன்று வரப்பில் நின்றுகொண்டு, "அந்த மூலையில நாத்து இடைவெளி விட்டுக் கலக்கமா இருக்கு பாரு" என்று அவரிடம் ஏகவசனத்தில் பேசுவேன். "பார்த்துட்டேங்கய்யா" என்பார். பல வருஷமாக எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

நான் குடிப்பது ஊருக்குத் தெரியாது என்பது என் நம்பிக்கை. மாட்டுக் கொட்டகையில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் பாட்டில் இருக்கும், சட்டைப் பையில் ஏலக்காய் இருக்கும். ஒருமுறை ரத்தவாந்தி எடுத்துப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஊருக்கு அது அல்சர். அங்கிருந்த டாக்டர்தான், "மருந்து நான் தர்றேன், மிச்சத்துக்கு இவங்ககிட்ட போங்க" என்று ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். என் மனைவி அந்தச் சீட்டை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது. ஒருநாள் அவளே நம்பரைப் போட்டு, போனை என் காதில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிங்க. டியூஷன் சென்டர் மாடி. பேரெல்லாம் வேண்டாம், வந்தா போதும்" என்றது ஒரு ஆண்குரல். தெருவுக்கு அடையாளமும் சொன்னது.

அந்தத் தெருவை நான்கு தடவை வண்டியில் கடந்தேன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. தெருமுனைக் கடையில் நின்று, தேவையே இல்லாமல் இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். ஐந்தாவது தடவை வண்டியை நிறுத்தினேன். மாடிப்படியின் அடியில் தெருவைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். போச்சு, மாட்டிக்கொண்டோம். நாளைக்கே இருபது பெண்கள் வாயில் விழப்போகிறேன்.

முந்திக்கொள்வதற்காக நானே அதட்டினேன். "இங்க என்ன வேலை உனக்கு?"

"வியாழக்கிழமைன்னா இங்கதாங்க."

எனக்குத் தெம்பு வந்துவிட்டது. கூட்டிப் பெருக்க வருகிறார் போலிருக்கிறது. "மாடியெல்லாம் கூட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"கூட்டியாச்சுங்க. போய் உட்காருங்க, பின்னாடியே வர்றேன்" என்றார்.

மேலே பெஞ்சுகளில், என்னைப் போலக் குடியை விட வந்த எட்டு ஒன்பது ஆண்கள் இருந்தார்கள். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு அழியாமல் இருந்தது. ஆறு மணிக்கு அவர் மேலே வந்தார். சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார், முன் பெஞ்சில் உட்கார்ந்தார். பேசும் முறை வந்ததும் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்குவாரே, அதே சாதாரணத்தோடு சொன்னார். நான் மடியிலிருந்த வாழைப்பழப் பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அந்தப் பழத்தை எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

அறையைக் கூட்டியதும் உண்மையில் அவர்தான். சாவி அவரிடம்தான் இருந்தது. எனக்கு உறைத்ததெல்லாம், அந்த 'கூட்டியாச்சா'வை அவர் ஒரு நாளும் திருப்பிச் சொல்லிக் காட்டவில்லை என்பதுதான். நானாக இருந்தால் வருஷத்துக்கு நாலு தடவை சொல்லிக் காட்டியிருப்பேன்.

அவர் தன் கதையைச் சொல்லக் கேட்க வேண்டும். மற்ற நாங்களெல்லாம் சொல்லும்போது கொஞ்சம் பூசி மெழுகித்தான் சொல்வோம். நான் மூன்றாவது வாரம் முதன்முதலாக வாய் திறந்தேன். மாட்டுக் கொட்டகையில் பாட்டில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டு, "சும்மா கம்பெனிக்காகத்தான் குடிக்க ஆரம்பிச்சேன்" என்று முடித்தேன். டீ குடிக்கும்போது அவர் என் பக்கம் குனிந்து, "மாட்டுக் கொட்டகையில யாருங்க கம்பெனி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு அது.

அவர் கதையில் பூச்சு கிடையாது. "இடுப்பு வலிக்குன்னுதாங்க ஆரம்பிச்சது. நாள் பூரா குனிஞ்சு நட்டுட்டு வந்தா ராவுல தூக்கம் வராது. எங்க வீட்டுக்காரர் ஒரு மடக்கு குடுத்தாரு. அவரு செத்துப்போனாரு, மடக்கு மட்டும் நிக்கல" என்பார். பிறகு அந்தப் புரட்டாசி மாதத்துக் கதை வரும். காலையிலேயே குடித்துவிட்டு, இருபது பேரையும் கூட்டிக்கொண்டு போய் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நட வேண்டியதை அந்தப் பக்கம் நட வைத்துவிட்டார். யாரோ உழுது சேறடித்து வைத்த வயலில் வேறு யாரோ வளர்த்த நாற்று. "ஒரு மா நிலம் முடிஞ்சிருச்சுங்க. வரிசை அவ்வளவு நேரா இருக்கு. ரெண்டு நிலத்துக்காரரும் வந்து ஆளுக்கொரு கரையில நின்னு தலையில கை வெச்சுக்கிட்டாங்க. அத்தனையும் பிடுங்கி மறுபடி இந்தப் பக்கம் நட்டோம். ஒருத்தியும் என்னைத் திட்டலை. திட்டியிருந்தாத் தேவலாம்."

இதுவரை எல்லோரும் சிரிப்போம். அடுத்ததை அவர் அதே குரலில் சொல்வார், ஏற்றாமல் இறக்காமல்.

"எம் பொண்ணு அப்பப் பத்தாவது. நான் பஸ் ஸ்டாப்புல கிடக்கேன், துணி எது எங்க இருக்குன்னு தெரியாம. அது ஸ்கூல் விட்டு வந்து எறங்குது. கூடப் படிக்கிற பிள்ளைங்கள்லாம் பார்க்குது. அது துப்பட்டாவை எடுத்து எம்மேல போர்த்திட்டு, நான் எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிச்சு."

அழமாட்டார். சொல்லிவிட்டு உட்காருவார். வாரா வாரம் கேட்டும் அந்த இடத்தில் என்னால் தலையை நிமிர்த்த முடிந்ததில்லை. இதை அவர் மாடி அறைக்குள் மட்டும் சொல்லவில்லை. வயலில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், யார் கேட்டாலும் சொன்னார். "வியாழக்கிழமை எங்க போற?" என்றால் "குடிக்காம இருக்கப் போறேன்" என்பார். நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்ததும் அதற்காகத்தான். நாங்கள் கதவை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காரும் கூட்டம். ஒரு பெண், அதுவும் குடித்தவள் என்று பெயரெடுத்தவள், ஊர் பார்க்கத் தெருவில் உட்கார்ந்திருந்தாள். "ஹெல்மெட்டோட சுத்தறவங்களுக்கு ஏறலாம்னு ஒரு தைரியம் வரணும்ல" என்றார். நான்கு தடவை சுற்றியதை எண்ணியிருக்கிறார்.

அவருடைய இன்னொரு பக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எங்களோடு வந்துகொண்டிருந்த ஒருவரின் மனைவி ஒரு வியாழக்கிழமை படியடியில் வந்து நின்று, "எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வந்திருக்காரா அக்கா?" என்று கேட்டாள். கண் சிவந்திருந்தது. அவள் கணவர் அன்று வரவில்லை. நாற்காலியில் இருந்த இவர் அதையும் சொல்லவில்லை. "அதை அவருதாம்மா சொல்லணும். நீ உட்காரு, டீ குடி" என்றார். அந்தப் பெண் கெஞ்சினாள். அவர் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கூடவே படியில் உட்கார்ந்திருந்தார், கூட்டத்துக்குக்கூட மேலே வரவில்லை. ஆனால் பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இது என்ன கல்நெஞ்சு, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று பிறகு கேட்டேவிட்டேன்.

"இன்னிக்கு இவகிட்டச் சொன்னா, அடுத்த வாரம் அவன் படி ஏறமாட்டான்" என்றார். "அவனுக்கு வேற படி இல்லை."

அந்த வருஷம் சம்பா நடவுக்கு அவர் எங்கள் வயலுக்கு வந்தார். வரப்பில் நிற்க எனக்குக் கால் கூசியது. அவர் கூட்டி வந்த பெண்களில் ஒருத்தி வாய்த்துடுக்கு. சேற்றில் நின்றுகொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்து, "அய்யாவுக்கு இப்பல்லாம் மொகம் தெளிஞ்சு கெடக்கு, என்ன விசேஷம்?" என்றாள். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மொகத்தைப் பார்த்தா நாத்து நடுற? குனி" என்றார் அவர். பிறகு என்னிடம், "அய்யா, நாத்துக்கட்டு பத்தாதுங்க, இன்னும் எடுத்துப் போடச் சொல்லுங்க" என்றார். மாடியில் என்னோடு சமமாக உட்கார்ந்து டீ குடிக்கிறவர், வயலில் என்னை முன்பின் அறியாதவர்போல இருந்தார்.

அடுத்த வருஷம்தான் அது நடந்தது. உரம் வாங்க மன்னார்குடி வந்த என் அண்ணன், ஒரு வியாழக்கிழமை நானும் அவரும் பேசிக்கொண்டே அந்த மாடிப்படியில் ஏறுவதைப் பார்த்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நடவன்று காலை, நாற்றெல்லாம் பறித்துக் கரையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப்போகிறார்கள், அப்போது அண்ணன் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார்.

"வியாழக்கிழமை டியூஷன் சென்டர் மாடியில உனக்கு என்ன வேலை?"

"குடிக்காம இருக்கறதுக்குப் போறேங்கய்யா. ஊருக்கே தெரியுமே."

"என் தம்பி எதுக்கு அங்க வர்றான்?"

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணனுக்கு வந்திருந்த அந்த அசிங்கமான சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். "அதை அவருகிட்டயே கேளுங்கய்யா" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். இருபது பெண்களும் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை, நாற்றுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டியூஷன் சென்டர்க்காரர் நமக்குத் தெரிஞ்சவர்ண்ணே. சும்மா பார்க்கப் போவேன்" என்றேன்.

இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது. "அப்ப இந்தப் பொம்பளையோட என்ன பேச்சு?" என்று அண்ணன் கேட்டபோது, வாய்க்கால் மடையைப் பார்ப்பதுபோல நான் திரும்பிக்கொண்டேன். "பேச்சு வர்ற ஆளு எங்க வயல்ல இறங்க வேண்டாம். கூட்டிட்டுப் போ" என்று அவரிடம் சொல்லிவிட்டார் அண்ணன். அவர் முந்தானையை எடுத்து விட்டுக்கொண்டார். காலில் சேறுகூடப் படாமல் இருபது பெண்களும் வரிசையாக வரப்பேறிப் போனார்கள். அண்ணன் பேச்சுக்கு ஊரில் மதிப்புண்டு. அந்த நடவுக்கு எங்கள் ஊரில் வேறு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. திருவாரூர்ப் பக்கம் தூரத்து ஊர்களுக்கு விடியுமுன் வேன் பிடித்துப் போனார்கள். ஊரில் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

பறித்துப் போட்ட நாற்று கரையில் இரண்டு நாள் வாடிக் கிடந்தது. என் மனைவி சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அந்தம்மாவை ஊரே பேசுது. உங்களுக்குச் சோறு இறங்குதா?" என்று கேட்டாள். இறங்கவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் மன்னார்குடி போனேன், கூட்டத்துக்கு இல்லை. ஒன்றரை வருஷமாகத் திரும்பிப் பார்க்காத சாராயக் கடை வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். பிறகு இரண்டு பேர். அப்போது எனக்குப் பயமாக இருந்தது, குடிப்பதைப் பற்றி இல்லை. குடித்துவிட்டு நாளைக்கு நான் செத்தாலும், இந்தப் பெண் என்னைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டாள், அந்தப் பழியோடேயே இருந்துவிடுவாள் என்று தோன்றியது. வரிசையை விட்டு விலகி வண்டியை எடுத்தேன்.

ஆறரை மணி இருக்கும். நாற்காலி தெருவைப் பார்த்துப் போட்டிருந்தது. அவர் அதில் இருந்தார்.

"வாங்க. இன்னும் முடியலை" என்றார்.

நான் ஏறவில்லை. "ஏங்க சொல்லலை?" என்று கேட்டேன். அவரை வெளியிடத்தில் நான் 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அன்றுதான்.

"என்னுதா இருந்தாச் சொல்லியிருப்பேங்க" என்றார். வாங்கிய கடன்பொருளைத் திருப்பித் தருவதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். என் மானத்தைத் தன் மானத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு இத்தனை நாள் நடந்திருக்கிறார், அது கனமாக இருந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் அண்ணனிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து, அவர்கள் நட்டுக்கொண்டிருந்த வயலுக்குப் போனேன். யாரோ ஒருவருடைய வயல். வரப்பில் போய் நின்று, தொண்டையைச் செருமி, குனிந்திருந்த இருபது முதுகுகளைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்கு வந்தது அல்சர் இல்லை. நான் குடிகாரன். இவங்க போற கூட்டத்துக்குத்தான் நானும் போறேன். குடிக்காம இருக்கறதுக்கு. வேற ஒண்ணும் இல்லை."

இருபது பேரும் நிமிர்ந்தார்கள். அந்த வாய்த்துடுக்குக்காரி நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டு, "அது எங்களுக்குத் தெரியுமேங்கய்யா" என்றாள்.

நான் அவரைக் கை காட்டினேன். "இவங்க சொன்னாங்களா?"

"இவ சொல்லிட்டாலும்..." என்று சிரித்தாள். "நீங்க வரப்புல நின்னா ஏலக்காயும் அதுவும் சேர்ந்து நாலு வயலுக்கு அடிக்கும். எத்தனை வருசம் மோந்திருக்கோம். அன்னிக்குத் திரும்பி வரப்பயே கேட்டோம், அந்தாளு குடியை விடத்தானே அங்க வர்றாரு, சொல்லித் தொலைச்சா என்னன்னு. எனக்குத் தெரியாதுன்னுட்டா."

ஆக, ஊரறிந்த ரகசியத்தைத்தான் அவர் காப்பாற்றியிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்காகத் தன் பெயரையும் தன் நடவையும் விட்டுக் கொடுத்திருக்கிறார். இதை முட்டாள்தனம் என்று யாராவது சொல்லலாம். எனக்கு அன்று அந்த வரப்பில் உடம்பெல்லாம் சிலிர்த்தது, அதுமட்டும் தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார். "சொல்லியாச்சுல்ல? தள்ளி நில்லுங்க, நாத்தை மிதிக்கிறீங்க" என்றார்.

அண்ணன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் தானே வண்டியெடுத்துப் போய் அவரை நடவுக்குக் கூப்பிட்டார். இவர் ஏற்கனவே ஒத்துக்கொண்ட ஊர்களை முடித்துவிட்டுத்தான் வந்தார். எங்கள் வயல் அந்த வருஷம் பின்தங்கித்தான் விளைந்தது.

பிறகு அவருடைய மகள் நர்ஸாகி மயிலாடுதுறையில் வேலைக்குச் சேர்ந்தாள். குழந்தை பிறந்ததும் அவரும் அங்கே போய்விட்டார். போகும்போது சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை, பூட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னார்.

சென்ற அறுவடையின்போது கதிர் அறுக்கும் மெஷினோடு மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த டிரைவர் ஒருவர் எங்கள் மாடிக்கு வந்தார். அவர்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு அம்மா வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார் என்றும், பஸ் ஸ்டாப், துப்பட்டா, வீட்டுப்பாடம் என்றும் டிரைவர் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, நான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து வேறொரு வயலுக்கு மெஷின் வந்தபோது அவர் மறுபடி வந்தார்.

"சொன்னேங்க. அப்படி யாரையும் தெரியாதுன்னுட்டாங்க" என்றார் சங்கடமாக. "உங்க ஊரைச் சொன்னேன், மூணு ஏக்கர்னு சொன்னேன், அல்சர் கதையக்கூடச் சொல்லிப் பார்த்தேன். தெரியாதுன்னே சாதிச்சுட்டாங்க. வேற யாராவதா இருக்குமோ?"

ஊர் முழுக்க நானே தம்பட்டம் அடித்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது. இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

"வேற ஒண்ணும் கேட்கலையா?" என்றேன்.

டிரைவர் யோசித்தார். "கெளம்பறப்ப ஒண்ணு கேட்டாங்க. அந்த மன்னார்குடி மாடியில, கீழ நாற்காலி போடறாங்களான்னு. போட்டிருக்குன்னேன். எந்தப் பக்கம் பார்த்துன்னு கேட்டாங்க."

அப்போது மணி ஐந்தரை. நான் கீழே இறங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹெல்மெட் போட்ட ஒருவர் அந்தத் தெருவில் இரண்டாம் தடவையாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்.